துரைக்கு வயிற்றுப்போக்கு

அக்கராயன்
8.3.1981

அன்புத் தங்கை சிவலட்சுமிக்கு அக்கா கமலாட்சி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சான் பழனியாண்டியும் உன் மகள் மீனம்மாவும் சுகம். அங்கே நீயும் மூக்கனும் சின்னவன் சுடலையும் சுகந்தானே? மூக்கனுக்கு இருமல் விட்டதா, இல்லை இன்னும் லயத்து வரிசை வீடுகளையெல்லாம் எழுப்புகிறாரா?

காலபோக வெள்ளாமை வெட்டி முடிந்தது. எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்துக்குப் பயந்து லொறியில் வந்து இறங்கியபோது இங்கே காடுதான் இருந்தது. இப்போது வாசலில் நெல் காய்கிறது. கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

உன் மகள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். யாரோ ஒரு பாவி பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் போட்டுவிட்டான். இவள் இறங்கி இழுத்திருக்கிறாள். இரண்டு செத்துப்போயின. மூன்றாவதைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்து, "பெரியம்மா, இது சாகேல்ல, மூச்சு விடுது" என்று நின்றாள். அவள் பேச்சைக் கேட்டால் நீ சிரிப்பாய். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே ஆமாம் என்பதற்கு ஓம் என்கிறாள்.

குட்டி கூடைக்குள் படுத்துக்கொண்டு கத்தும். நாங்கள் மூன்று பேரும் ஓடிப்போய் நிற்க வேண்டும். அதனால் துரை என்று பெயர் வைத்துவிட்டேன். ஆனால் துரைக்கு வயிறு சரியில்லை. எங்கள் சிவலைப் பசுவின் பாலைத்தான் கொடுக்கிறோம். குடித்த கொஞ்ச நேரத்தில் தண்ணீராகப் போகிறார், வாந்தியும் எடுக்கிறார். பிள்ளை சோறு தின்னாமல் பக்கத்திலேயே இருக்கிறாள். நீதான் லயத்தில் எத்தனையோ பூனை வளர்த்தவள். ஒரு வழி எழுது.

உன் அக்கா
கமலாட்சி

மேமலைத் தோட்டம், மேற்பிரிவு
21.3.1981

அன்புள்ள அக்காவுக்கு சிவலட்சுமி எழுதிக்கொள்வது. உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்து மனம் நிறைந்தது. இவருடைய இருமல் அப்படியேதான் இருக்கிறது. சுடலை, நாங்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம் வரைக்கும் தனியாக ஓடுகிறான்.

துரை என்று பெயர் வைத்தீர்களே, இங்கே உள்ள தோட்டத்துத் துரை காதில் விழுந்தால் வேலைப் பதிவில் என் பேரை வெட்டிவிடுவார். மாட்டுப்பாலை விட்டுவிட்டு டின்பால் கரைத்துக் கொடுங்கள். நாங்கள் இங்கே தாயில்லாத குட்டிக்கு அதைத்தான் கொடுப்போம். இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் துணி நனைத்துப் பின்புறத்தைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புண்ணாகிவிடும்.

அக்கா, முக்கியமான செய்தி. எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எங்கள் பேரோடு மீனம்மா, சுடலை பேரும் அதில் இருக்கிறது. இங்கே தங்கும் விசா முடிவதற்குள் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டும். ஜூலை மாதம் இருக்கும் என்கிறார்கள். அதற்கு முன் பிள்ளையை எங்களிடம் அனுப்ப வேண்டும். அவளிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

உங்கள் தங்கை
சிவலட்சுமி

அக்கராயன்
16.4.1981

தங்கை சிவலட்சுமிக்கு, வருடப்பிறப்பு நல்லபடியாகக் கழிந்தது. அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். மீனம்மாவுக்குப் பச்சைச் சட்டை எடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு குளக்கட்டு வரை போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். மாடு கறக்கவும் பழகிவிட்டாள். சிவலை என்னை உதைக்கும், அவளுக்கு ஆடாமல் நிற்கும்.

உன் டின்பால் வைத்தியம் நல்லாயிருக்கிறது, போ. துரைக்கு இரண்டு மடங்காகப் போகிறது. வயிறு பானை மாதிரி, முதுகு ஈர்க்குச்சி மாதிரி. கண்ணில் பீளை. பிள்ளை ராத்திரியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். பெரியப்பாவைக் கிளிநொச்சி மிருக வைத்தியரிடம் அனுப்பினாள். அங்கே ஒருவர், "மாட்டுக்கு வருத்தமெண்டால் கொண்டுவாங்கோ, பூனைக்கு மருந்து கேட்டு வாறியளே" என்று சிரித்து அனுப்பிவிட்டாராம். வேறு வழி இருந்தால் எழுது.

வெயில் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா கமலாட்சி

மேமலைத் தோட்டம்
28.4.1981

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலமாக இருக்க மாரியாத்தா துணை. நான் எழுதியதை நம்பி டின்பால் கொடுத்து அந்த வாயில்லா ஜீவனைப் படுத்திவிட்டோம். கேட்க எனக்கு வேதனையாக இருந்தது.

இங்கே தோட்டத்து மருந்தையாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பூனைக்கா கேக்குற?" என்று முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: "பாலை அடியோட நிறுத்து. குட்டி வயித்துக்கு மாட்டுப்பால் சேராது. டின்பால் அதைவிட மோசம். கஞ்சித் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சீனி போட்டு, துணியில நனைச்சு அடிக்கடி வாயில விடு. வயிறு கட்டினதும் முள்ளில்லாம மீனை அவிச்சுச் சோத்தோட பிசைஞ்சு கொடு." உங்கள் பக்கம்தான் குளத்து மீன் இருக்கிறதே. பால் மட்டும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். மீனம்மாவிடமும் கண்டித்துச் சொல்லுங்கள்.

அக்கா, நான் கப்பலைப் பற்றி எழுதியதற்கு நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தக் கடிதப் பக்கம் கிழிந்து வந்ததா?

தங்கை சிவலட்சுமி

அக்கராயன்
20.5.1981

அன்புத் தங்கைக்கு, நீ சுகம் என்று நம்பி எழுதுகிறேன். மருந்தையாவுக்குப் புண்ணியம் உண்டாகட்டும். பாலை நிறுத்தியதும் துரைக்கு வயிறு கட்டிவிட்டது. விரால் மீன் இல்லாமல் சோறு தொடமாட்டேன் என்கிறார். ஓடிப் பிடித்து விளையாடுகிறார். உன் மகள் முகத்திலும் வெளிச்சம் வந்திருக்கிறது. "அம்மா நல்ல வழிதான் சொன்னவா" என்றாள். உன்னைப் பற்றி அவளாகப் பேசியது இப்போதுதான்.

கப்பல் விஷயம். சிவலட்சுமி, கோபப்படாமல் கேள். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நம் தாத்தா விட்டுவிட்டு வந்த ஊர் எந்தப் பக்கம் என்று மூக்கனுக்குத் தெரியுமா? அங்கே கோத்தகிரியில் தேயிலை வேலை தருவார்கள் என்று சொல்கிறார்கள். ஒரு மலையை விட்டு இன்னொரு மலைக்குப் போக எதற்குக் கடல் தாண்ட வேண்டும்? எல்லோரும் இங்கே வாருங்கள். பக்கத்தில் காடு கிடக்கிறது. உன் மச்சான் ஒரு குடிசை போட்டுத் தருவார்.

இல்லை, போகத்தான் வேண்டும் என்றால் பிள்ளை இந்த வருடப் படிப்பை முடிக்கட்டும். வகுப்பில் முதலாம் பிள்ளை. வாத்தியார் பரமலிங்கம் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கமலாட்சி

மேமலைத் தோட்டம்
2.6.1981

அக்காவுக்கு, நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் குறை இருக்காது.

கப்பல் நாள் குறித்தாகிவிட்டது. ஜூலை இருபத்து மூன்றாம் தேதி. முதல் நாளே கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏறுகிறோம். தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள். லயத்தில் எங்கள் காம்பரா அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. அவர்கள் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இனி இங்கே இருக்கவும் முடியாது, அங்கே வரவும் முடியாது. விசா முடிந்த பிறகு உங்கள் காட்டில் வந்து ஒளிந்திருக்கச் சொல்கிறீர்களா? அந்தப் பாஸ்போர்ட்டில் பேர் உள்ள மீனம்மா இப்போது எங்களோடு வந்தால்தான் உண்டு. பிறகு தனியாக வர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் சிரமப்பட வேண்டாம். மச்சான் அவளை மதவாச்சி ஸ்டேசனுக்குக் கூட்டிவந்தால் போதும். எங்கள் கோச்சி அங்கே நிற்கும். நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வருவேன்.

அக்கா, குழந்தை இல்லாத உங்கள் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு லயத்துக்குத் தீ வைத்தபோது ஒரு பிள்ளையாவது உயிரோடு இருக்கட்டும் என்றுதான் உங்கள் லொறியில் ஏற்றினேன். கைக்குழந்தையை எப்படி விட முடியும், அவளைத்தான் விட முடிந்தது. அதற்குப் பிறகு வரவே முடியவில்லை. முதலில் பயம், பிறகு இவருடைய நெஞ்சு நோய், பிறகு பேர் வெட்டுவார்கள் என்ற பயம். நான் என் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்தேன். கொடுத்துவிடவில்லை.

சிவலட்சுமி

அக்கராயன்
24.6.1981

தங்கை சிவலட்சுமிக்கு, உங்கள் எல்லோரையும் கடவுள் காக்கட்டும். யாழ்ப்பாணத்தில் நூலகத்தையும் கடைகளையும் எரித்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. இந்த நேரத்தில் பெண்பிள்ளையை எப்படிக் கூட்டிவருவது என்று உன் மச்சான் யோசிக்கிறார்.

துரைக்கு மறுபடி தொடங்கிவிட்டது. நீ கப்பல் நாள் எழுதிய கடிதம் வந்து அப்போது நாலைந்து நாள் கூட ஆகியிருக்காது. பழைய மாதிரியே தண்ணீராகப் போகிறது. எலும்பு தெரிகிறது. எழுந்து நின்றால் பின்கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறார். கஞ்சித் தண்ணீர்தான் கொடுக்கிறோம். மீன் முள் எடுத்துத்தான் கொடுக்கிறோம். ஒன்றும் நிற்கவில்லை.

மீனம்மாவிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் துரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். இரவு சாப்பிடக் கூப்பிட்டபோது, "துரைக்குச் சுகம் வராமல் நான் ஒரு இடமும் போகமாட்டன்" என்றாள். பூனையையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். கப்பலில் விடமாட்டார்கள் என்றேன். அதற்கு மேல் நான் என்ன செய்ய? பிள்ளையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வர முடியுமா?

கமலாட்சி

மேமலைத் தோட்டம்
3.7.1981

கமலாட்சி அக்காவுக்கு.

சுகம் விசாரித்து எழுத எனக்கு மனம் இல்லை.

உன் கடிதத்தை மருந்தையாவிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "பாலை நிறுத்தி நல்லான பூனைக்குத் திரும்ப இப்படிப் போகுதுன்னா, யாரோ பால் கொடுக்கிறாங்க." அதைச் சொல்ல மருந்தையா எதற்கு? எனக்கே தெரிந்துபோயிற்று. நான் நாள் எழுதும் வரை நன்றாக இருந்த பூனைக்கு, நாள் எழுதியதும் வயிறு போகுமா?

யாரக்கா பால் கொடுக்கிறது?

பூனைக்குச் சுகம் வந்தால் பிள்ளை வந்துவிடுவாள் என்று உனக்குத் தெரியும். பூனை படுத்தால் அவள் அதன் பக்கத்தை விட்டு அசையமாட்டாள் என்றும் தெரியும். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளையின் அருமை தெரியாது என்று ஊரில் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இன்றைக்கு நானே சொல்கிறேன். தாயையும் பிள்ளையையும் பிரிக்க ஒரு வாயில்லா ஜீவனின் குடலை உருவுகிறாயே, உனக்குச் சோறு எப்படி இறங்குகிறது?

ஜூலை இருபத்திரண்டு. மதவாச்சி. என் பிள்ளை அங்கே நிற்க வேண்டும்.

சிவலட்சுமி

அக்கராயன்
14.7.1981

சிவலட்சுமிக்கு, சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டவில்லை. அதில் உள்ளதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. எழுதுவதாகத்தான் இருந்தேன், நேற்று வரைக்கும். நேற்றுப் பின்னேரம் மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன். அதன் பிறகு எழுத ஒன்றும் இல்லை.

மீனம்மாவுக்குப் புதுச் சட்டை இரண்டு தைக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்று காலை பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் வாங்கியாயிற்று. தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டாம் தேதி உன் மச்சான் கூட்டிவருவார். நீ ஜன்னலில் நில். கப்பலில் அவளுக்குத் தலை சுற்றும், எலுமிச்சங்காய் கையில் கொடுத்துவிடுகிறேன். காரம் சாப்பிடமாட்டாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள், பயப்படாதே.

கமலாட்சி

மண்டபம் முகாம்
9.8.1981

கமலாட்சிக்கு.

நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். இவருக்குக் கடல் காற்றுப் பட்டு இருமல் அதிகம். சுடலைக்கு வயிற்றுப்போக்கு. உன் வீட்டுப் பூனைக்கு எழுதிய வைத்தியம்தான் செய்கிறேன், கஞ்சித் தண்ணீரும் உப்பும்.

மதவாச்சியில் நடந்ததை மச்சான் உனக்குச் சொல்லியிருப்பார். நானும் சொல்கிறேன், கேள். கோச்சி முழுக்க அழுகை. நான் ஒருத்தி மட்டும் அழவில்லை, என் பிள்ளை ஏறப்போகிறாள் என்று. தலை சீவி, பொட்டு வைத்து, அவளுக்கு இடம் பிடித்து, அதில் என் சேலையைப் போட்டு வைத்திருந்தேன். வேறு யாரோ உட்கார வந்தபோது சண்டை போட்டேன். மதவாச்சியில் மச்சான் தனியாக நின்றார். ஒரு அரிசி மூட்டையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். "புள்ள எங்க மச்சான்?" என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். "வரல்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். கோச்சி புறப்பட்டுவிட்டது. நான் இறங்கப் பார்த்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுடலை பயந்துபோய்க் கத்தினான்.

கப்பல்துறையில் பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவள் பேரில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்கள். செத்தவர்களுக்கும் அதே கோடுதான்.

புதுச் சட்டை, எலுமிச்சங்காய் என்று என்னை நம்ப வைத்தாயே. அனுப்பமாட்டேன் என்று எழுதியிருந்தால் நான் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கமாட்டேன். பால் கொடுத்தது யார் என்று கேட்டேன். இப்போதாவது சொல்.

சிவலட்சுமி

அக்கராயன்
27.9.1981

அன்புத் தங்கை சிவலட்சுமிக்கு, மூக்கனுக்கும் சுடலைக்கும் சுகம் வந்திருக்கும் என்று நம்புகிறேன். சுடலைக்கு மாதுளம் ஓடு அவித்த தண்ணீர் கொடுத்துப் பார்.

மீனம்மா சுகம். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நான் கண் மூடும் வரை அவளுக்கு ஒரு குறையும் வராது. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பால் கொடுத்தது யார் என்று கேட்டாய். நான்தான் என்று வைத்துக்கொள். உனக்கு யாரையாவது வெறுக்க வேண்டும், அதற்கு நான் இருக்கிறேன். பழகிய ஆள்.

அக்கா

அக்கராயன்
8.11.1981

அன்புள்ள அம்மாவுக்கு மீனம்மா எழுதுவது. நான் சுகம். நீங்களும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது பெரியம்மாவுக்குத் தெரியாது. பெரியப்பாதான் முத்திரை வாங்கித் தந்தார். நீங்கள் கடைசியாகப் பெரியம்மாவுக்குப் போட்ட கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். இனி எனக்கு அக்கா இல்லை என்று ஒரு வரிதான் அதில் இருந்தது. பெரியம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. குசினிக்குள்ளேயே இருந்தா.

அம்மா, பால் கொடுத்தது நான். மாடு கறக்கும்போது சிரட்டையில் கொஞ்சம் எடுத்து வைத்துக் கொட்டிலுக்குள் கொடுப்பேன். பால் கொடுத்தால் வயிறு போகும் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். நாள் குறித்துவிட்டது என்று பெரியம்மா வாசித்ததும் தொடங்கினேன். அது குடிக்கும்போது என் கையை நக்கும். எனக்கு அழுகை வரும். ஆனால் கொடுத்தேன்.

பெரியம்மா ஒரு நாள் கண்டுவிட்டா. சிரட்டையைப் பறித்து எறிந்தா. "இதை யாருக்கும் சொல்லாத, அம்மா கேட்டா செத்துப்போவா" என்று சொன்னா. அடுத்த நாளே எனக்குச் சட்டை தைக்கத் தொடங்கினா. கோச்சிக்கு வரும் அன்று அவாதான் என்னைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினா. கிளிநொச்சியில் பெரியப்பா டிக்கெட் எடுக்கப் போனபோது நான் இறங்கி ஓடிவிட்டேன். பெரியப்பா தேடிவிட்டு, உங்களிடம் சொல்லத் தனியாகப் போனார். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா எனக்கு அடித்தா. அதற்கு முன் அவா எனக்கு அடித்ததில்லை. அடித்துவிட்டு அவாவே அழுதா. உங்களுக்காகத்தான் அழுதா. "அவள் ஜன்னல்ல நிப்பாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அதனால் அவாவைத் திட்ட வேண்டாம்.

எனக்கு உங்கள் முகம் சரியாக ஞாபகம் இல்லை. லொறி வெளிக்கிட்டபோது தம்பி உங்கள் இடுப்பில் இருந்தான். நான் கத்தினேன். கலவரம் முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னீர்கள். நான் நெடுநாள் வாசலில் இருந்து பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. நீங்கள் என்னைக் கொடுத்துவிட்டீர்கள், தம்பியை வைத்துக்கொண்டீர்கள். பெரியம்மா என்னை ஒருவருக்கும் கொடுக்கமாட்டா என்று நினைத்தேன். அவாவும் பஸ்ஸில் ஏற்றினா.

கப்பல் போய்விட்டது என்று பெரியப்பா சொன்ன நாளிலிருந்து நான் பால் கொடுக்கவில்லை. துரைக்கு இப்போது நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு
மீனம்மா